வெளியாகி ஆறு மாதம் ஆகியும் காதை விட்டுப் போகாத மெட்டல் ஆல்பம் எது?

ஆறாம்தந்தி:

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு ஆல்பம் வருகிறது. அன்று ராத்திரியே "இந்த வருடத்தின் ஆகச் சிறந்தது" என்று எழுதிவிடுகிறோம். அடுத்த வெள்ளி இன்னொன்று வந்ததும் முந்தையதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. யாரையும் குறை சொல்லவில்லை, நானும் இதே கூட்டம்தான். மெட்டாலிகாவின் '72 சீசன்ஸ்' 2023 ஏப்ரலில் வந்தபோது நான் எழுதி வைத்திருந்த புகழாரத்தை நேற்று எடுத்துப் படித்தேன். கூச்சமாக இருந்தது. 12 பாட்டு, 77 நிமிடம். இன்று அதில் நான் தேடிப்போய்க் கேட்பது கடைசிப் பாட்டான 'இனமொராட்டா' ஒன்றைத்தான். 11 நிமிடத்துக்கு மேல் ஓடும். பாடகர் லூ ரீடோடு சேர்ந்து செய்ததை விட்டுவிட்டால் அவர்கள் எழுதியதிலேயே நீளமான பாட்டு. நடுவில் கிட்டார்கள் ஒதுங்கிக்கொள்ள, பேஸ் கிட்டார் மட்டும் சோம்பலாக நடந்துபோகும் ஒரு இடம் வரும். அதற்காகத்தான். மற்ற பாட்டுகளில் பாதியைப் போட்டுக் காட்டிப் பெயர் கேட்டால் முழிப்பேன்.

அதனால் ஒரு கேள்வி. கடந்த இரண்டு வருடங்களில் வந்தவற்றில், வெளியாகி ஆறு மாதமாவது ஆன பிறகும் நீங்கள் போட்டுக் கேட்கிற ஆல்பம் எது? எந்த இடத்துக்காக? "செம", "தெறி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். இடத்தைச் சொல்லுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். ஜூடாஸ் ப்ரீஸ்ட், 'இன்வின்சிபிள் ஷீல்ட்', 2024 மார்ச். முதல் பாட்டு 'பேனிக் அட்டாக்' தொடங்கும்போது 1986-இல் வந்த 'டர்போ' ஆல்பத்தின் சிந்தசைசர் வாடை அடிக்கும். "ஐயோ, மறுபடியுமா" என்று நினைத்து முடிப்பதற்குள் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு, வந்து கழுத்தைப் பிடிக்கும். பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு அப்போது 72 வயது. 1990-இல் போட்ட கூச்சலை அவர் இப்போது போடுவதில்லை. நடுத்தரச் சுருதியில் நின்றுகொண்டு, வேண்டிய இடத்தில் மட்டும் மேலே ஏறுகிறார். அந்தக் கணக்குதான் எனக்குப் பிடித்தது. இன்னொன்று, ரிச்சி ஃபாக்னரின் லீட் கிட்டார். 2021 செப்டம்பரில் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மகாதமனி கிழிந்த மனிதர். பத்து மணி நேரத்துக்கு மேல் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு வாசித்த சோலோக்கள் இவை.

கறுப்புச்சட்டை:

ப்ரீஸ்ட் பற்றி மறுபேச்சே இல்லை. ஆண்டி ஸ்னீப் தயாரிப்பாளராக வந்த பிறகுதான் அந்தக் குழுவுக்கு மறுபடி பல் முளைத்தது.

என் தேர்வு கொரோனர், 'டிஸ்ஸனன்ஸ் தியரி'. இதற்கு முன் அவர்கள் போட்ட ஸ்டூடியோ ஆல்பம் 1993-இல் வந்த 'கிரின்'. 32 வருடம்! செல்டிக் ஃபிராஸ்ட் குழுவுக்குச் சாமான் தூக்கிக்கொண்டிருந்த பையன்களாக ஆரம்பித்த சுவிட்சர்லாந்து மூவர் அணி. இதை ட்ராஷ், அதாவது வேகத்தையே நம்பும் மெட்டல் வகை, என்று சொன்னால் பாதிதான் உண்மை. டாமி வெட்டர்லியின் ரிஃப் எல்லாம் நேராக ஓடாது. நாலு எட்டு வைத்துவிட்டு ஒரு எட்டை முழுங்கிவிடும். தலையாட்டிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் கழுத்து தனியாக நிற்கும். மறுபடி போட்டு எங்கே ஏமாந்தோம் என்று எண்ணிப் பார்ப்பேன். அதுதான் என் "இடம்". வயதான குழுக்கள் திரும்பி வரும்போது பழைய வேகத்தைக் காட்டப் பார்ப்பார்கள். இவர்கள் வேகத்தைக் காட்டவே இல்லை. விட்ட இடத்திலிருந்து யோசித்துக்கொண்டே வந்தவர்கள் மாதிரி இருக்கிறது.

டபுள்பெடல்:

அண்ணா, விதியைப் பாருங்கள். ஆறு மாதம். கொரோனர் 2025 அக்டோபர் 17-இல் வந்தது. இப்போது பிப்ரவரி.

கறுப்புச்சட்டை:

32 வருடம் காத்திருந்தவனுக்கு இரண்டு மாதச் சலுகை கிடையாதா தம்பி?

ஆறாம்தந்தி:

சரி, கொடுத்தாயிற்று. இவருக்கு மட்டும்.

டபுள்பெடல்:

அப்படியானால் நான் இன்னொரு மறுவருகையைப் பற்றிப் பேசுகிறேன். டார்க் ஏஞ்சல். 1991-க்கு அப்புறம் 2025 செப்டம்பரில்தான் அடுத்த ஆல்பம், 'எக்ஸ்டிங்ஷன் லெவல் ஈவன்ட்'. அவர்களின் டிரம்மர் ஜீன் ஹோக்லன் என்றால் எனக்குக் குலதெய்வம் மாதிரி. டிரம்ஸ் பழகிய காலத்தில் அவர் கால் இரண்டையும் கேட்டுக் கேட்டே பெடலைத் தேய்த்தவன் நான். இதிலும் கால் அப்படியே இருக்கிறது. ஆனால் பாட்டு எங்கே? ரிஃப் ஒன்று வரும், அதை எட்டு தடவை வாசிப்பார்கள், அடுத்தது வரும். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம் டர்கின் 2023-இல் இறந்துபோனார். அவர் இல்லாத குறை ரிஃப்பில் தெரிகிறது. மூன்று தடவைக்கு மேல் போடவில்லை. இதைத் தட்டச்சு செய்யவே கை நடுங்குகிறது.

அப்புறம் ஒரு பொதுப் புகார். ஒரு ஆல்பத்துக்கு மட்டும் இல்லை, இப்போது வருகிற பாதி மெட்டலுக்குப் பொருந்தும். ஸ்நேரை, அதாவது டிரம்ஸில் 'டப்' என்று கூர்மையாக ஒலிக்கும் டிரம்மை, கவனியுங்கள். முதல் பாட்டின் முதல் அடியும் பத்தாவது பாட்டின் கடைசி அடியும் ஒரே அடி. அச்சடித்த மாதிரி. மனிதக் கை அப்படி அடிக்காது. வலது கை அடி ஒரு மாதிரி இருக்கும், இடது கை அடி ஒரு மாதிரி இருக்கும், களைத்துப்போன கை இன்னொரு மாதிரி. எங்கள் குழுவுக்கு ஒரு தடவை நாலு பாட்டு பதிவு செய்தோம். ஒரு பாட்டில், பெரிய அடிகளுக்கு நடுவே இடது கையால் ஸ்நேரை மெல்லத் தட்டித் தட்டி வாசித்திருந்தேன், காதில் விழுந்தும் விழாத மாதிரி. மிக்ஸ் திரும்பி வந்தபோது அந்தச் சின்ன அடி ஒன்றுகூட இல்லை. பெரிய அடி எல்லாம் யாரோ எங்கேயோ எப்போதோ அடித்த ஸ்நேர். கேட்டால், "இப்போது எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று பதில். என் பெயர்தான் போட்டிருந்தது, வாசித்தது நான் இல்லை.

ஒலிப்பலகை:

மிக்ஸ் செய்கிற ஆள் நான். நான் உங்கள் பாட்டைச் செய்யவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சாம்பிள், அதாவது முன்பே பதிவு செய்து வைத்த டிரம் அடி, போடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நிமிடத்துக்கு 220 வேகத்தில் டபுள் பேஸ், அதாவது இரண்டு காலாலும் அடிக்கிற கிக் டிரம், ஓடும்போது கால் அடியின் பலம் தானாகக் குறையும். அதற்கு மேலே ஏழு தந்தி, எட்டு தந்தி கிட்டார்கள் கீழே இறக்கிச் சுருதி கூட்டப்பட்டு, கிக் டிரம் இருக்க வேண்டிய அலைவரிசை முழுவதையும் ஆக்கிரமித்துக்கொள்ளும். பேஸ் கிட்டாரும் அங்கேயேதான் குடியிருக்கிறது. இந்தக் கூட்டத்துக்கு நடுவே கிக் கேட்க வேண்டுமானால் "டிக்" என்று ஒரு நுனி வேண்டும். சாம்பிள் அந்த நுனியைத் தருகிறது. அசலோடு கொஞ்சம் கலந்தால் யாருக்கும் தெரியாது. அசலைத் தூக்கிவிட்டு சாம்பிளை மட்டும் வைத்தால் நீங்கள் சொன்ன அச்சு எந்திரம்தான். எல்லா அடியையும் இழுத்துக் கட்டத்துக்குள் சரியாக உட்கார வைப்பது அடுத்த பாவம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் டிரம்மரே தேவையில்லை.

சத்தம் இன்னொரு கதை. 2008-இல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' வந்தபோது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? குறுந்தகட்டில் எல்லாவற்றையும் உச்சத்தில் நசுக்கியதால் ஒலி உடைந்து கரகரத்தது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டுக்காகத் தனியாகப் போயிருந்தன, அங்கே அந்த நசுக்கல் இல்லை. ரசிகர்கள் விளையாட்டிலிருந்து பாட்டை உருவி எடுத்துக் கேட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய தட்டைவிட விளையாட்டில் வந்தது நன்றாக ஒலித்தது!

இப்போது அப்படி நசுக்குவதில் லாபமே இல்லை. ஸ்பாட்டிஃபை மாதிரி தளங்கள் எல்லாப் பாட்டையும் கிட்டத்தட்ட ஒரே சத்தத்துக்கு, மைனஸ் 14 லஃப்ஸுக்கு (சத்தத்தை அளக்கும் அலகு), கொண்டுவந்துதான் ஒலிபரப்புகின்றன. நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அவர்கள் திருகைக் குறைத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது நசுங்கிய ஒலி மட்டும். இருந்தும் மாஸ்டரிங்கில் பழைய பழக்கம் போகவில்லை. "பக்கத்துக் குழுவின் பாட்டைவிட எங்கள் பாட்டு சின்னதாகக் கேட்கிறது" என்று என்னிடமே மூன்று குழுக்கள் சண்டைக்கு வந்திருக்கின்றன.

இன்னும் திரும்பிப் போகிற ஆல்பம்: பிளட் இன்கன்டேஷன், 'ஆப்சலூட் எல்ஸ்வேர்', 2024 அக்டோபர். விவரமாக அப்புறம் எழுதுகிறேன்.

நடுநிசி:

இங்கே எல்லாரும் அறுபது வயதுக்காரர்கள் வாசித்ததைப் பற்றியே பேசுகிறீர்களே, ஒரு புதுக் காற்று வேண்டாமா?

2025 ஏப்ரல் 25 அன்று கோஸ்ட் 'ஸ்கெலெட்டா'வை வெளியிட்டது. சரியாகப் பதினாலு நாள் கழித்து, மே 9 அன்று, ஸ்லீப் டோக்கன் 'ஈவன் இன் ஆர்கேடியா'வை வெளியிட்டது. இரண்டும் அமெரிக்க பில்போர்டு 200 பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தன. ஹார்ட் ராக் பக்கத்திலிருந்து அதற்கு முன் அந்த இடத்துக்குப் போனது 2020-இல் ஏசி/டிசி. முகமூடி போட்ட இரண்டு குழுக்கள் ஒரே மாதத்தில் இதைச் செய்திருக்கின்றன. நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை.

இடம் சொல்கிறேன். ஸ்லீப் டோக்கனில் 'எமர்ஜென்ஸ்'. பியானோ, கிட்டத்தட்ட ராப் மாதிரி ஒரு பேச்சு, பிறகு தரையைப் பிளக்கிற கிட்டார், எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது ஒரு சாக்ஸஃபோன் உள்ளே வந்து பாட்டை மெதுவாக வெளியே அழைத்துக்கொண்டு போகும். முதல் தடவை சிரிப்பு வந்தது. இப்போது அந்த சாக்ஸஃபோனுக்காகவே காத்திருப்பேன்.

கோஸ்ட் எனக்கு ஆறு மாதச் சோதனையில் தோற்றுவிட்டது. 'லாக்ரிமா' மட்டும் மிஞ்சியது. எண்பதுகளின் ஸ்டேடியம் ராக்கை அவ்வளவு துல்லியமாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் துல்லியம் மட்டும்தான் நினைவில் நிற்கிறது. அந்தச் சுற்றுப்பயணத்தில் ரசிகர்களின் கைபேசியை எல்லாம் உறையில் போட்டுப் பூட்டிவிட்டு நிகழ்ச்சி நடத்தினார்களே, அது ஆல்பத்தைவிட நல்ல யோசனை.

கறுப்புச்சட்டை:

சாக்ஸஃபோன். ராப். பியானோ. நான் சரியான இழையில்தான் இருக்கிறேனா?

நடுநிசி:

செல்டிக் ஃபிராஸ்ட் 1987-இல் பிரெஞ்சுக் கொம்பும் பெண் குரலும் டிரம் மெஷினும் போட்டபோது உங்களுக்கு எத்தனை வயது அண்ணா? அதை "முன்னோடி" என்று இப்போது நீங்கள்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள்.

கறுப்புச்சட்டை:

அந்த வயதில் அதையும் திட்டினேன். உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே எல்லாம் ஒரு இருட்டுக்குள் ஒன்றாகக் கரைந்தது. ஸ்லீப் டோக்கனில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகிற மாதிரி இருக்கிறது. பாப் அறை முடிந்ததும் கதவு, மெட்டல் அறை, கதவு, மறுபடி பாப். கனமான கிட்டார் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. உணர்ச்சி உச்சம் வேண்டும் என்ற இடத்தில் கொண்டுவந்து வைத்த சாமானாகத் தெரிகிறது. அந்த கிட்டாரை மட்டும் தனியாக எடுத்து ஒரு நிமிடம் வாசித்துக் காட்டுங்கள், ஞாபகம் இருக்கிறதா பார்ப்போம்.

ஆறாம்தந்தி:

"இது மெட்டலா" என்ற சண்டையை மட்டும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம், கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் கறுப்புச்சட்டை சொன்ன ரிஃப் சோதனை நல்ல சோதனை. அதை எல்லாருக்கும் வைக்கலாம். '72 சீசன்ஸ்' அதிலேயே பாதி விழும்.

அதோடு நீளம். நாக்ட் லூஸின் 2024 ஆல்பம் பத்துப் பாட்டு, அரை மணிக்கும் குறைவு. முடிந்ததும் மறுபடி போடத் தோன்றுகிறது. ட்ரீம் தியேட்டர் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த 'பாராசோம்னியா' 71 நிமிடம். மைக் போர்ட்னாய் 2010-இல் விலகிப் போன பிறகு திரும்பி வந்து வாசித்த முதல் ஆல்பம். அவர் வந்ததும் குழுவின் மூச்சே மாறியது உண்மைதான், டிரம்ஸில் மறுபடி ஒரு ஆள் இருக்கிறார். ஆனால் தூக்கக் கோளாறுகள் பற்றிய அந்த ஆல்பத்தை நான் மூன்று தடவை படுக்கையில் கேட்டு மூன்று தடவையும் தூங்கிப்போனேன். எனக்குக் கோளாறு இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

புதுக்காது:

அண்ணன்களே, அக்காவே, வணக்கம். நீண்ட நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், அந்தப் பழைய சிறைக் கட்டடத்தின் ஜன்னல்களில் நின்று கொஜிரா வாசித்ததே, கூடவே ஒரு ஓபரா பாடகி, அதைப் பார்த்த அன்றுதான் இந்தப் பக்கம் வந்தேன். அது வரைக்கும் மெட்டல் என்றால் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். கொஜிராவைக் கேட்டு முடித்துவிட்டேன். ஆனால் மற்ற குழுக்களின் அந்த அடித்தொண்டைக் குரல், க்ரௌல், அது வந்தவுடன் மூடிவிடுகிறேன். பாட்டு நன்றாக இருந்தாலும் முடியவில்லை. இதற்கு ஏதாவது வழி உண்டா? எதில் ஆரம்பிக்கலாம்?

நடுநிசி:

வா தம்பி. எல்லாருக்கும் இது இருந்தது, ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதலில், குரலில் சொல்லைத் தேடாதே. க்ரௌலை ஒரு தாள வாத்தியமாகக் கேள். டிரம்ஸோடு சேர்ந்து விழுகிறதா, எதிராக விழுகிறதா என்று பார். சொல் அப்புறம் தானாகப் புரியும், புரியாவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை.

ஆரம்பிக்க எனக்குத் தோன்றுவது ஓபெத்தின் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்', 2024 நவம்பர். ஏன் என்றால் அதில் இரண்டு குரலும் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலம். ஒரு பணக்காரக் குடும்பத் தலைவர் இறந்துவிட்டார்; பிள்ளைகள் உட்கார்ந்திருக்க உயில் வாசிக்கப்படுகிறது. அதனால் பாட்டுகளுக்குப் பெயரே இல்லை, உயிலின் பத்தி எண்கள்தான், ஒன்றிலிருந்து ஏழு வரை. கடைசிப் பாட்டுக்கு மட்டும் பெயர் உண்டு. அதில் என்ன நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், சொன்னால் சுவை போய்விடும். குழுவின் பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் 2008-இல் வந்த 'வாட்டர்ஷெட்'டுக்குப் பிறகு ஸ்டூடியோ ஆல்பத்தில் க்ரௌல் செய்யவே இல்லை. 16 வருடம் கழித்து இதில் செய்கிறார். செத்த மனிதன் பிள்ளைகளைப் பார்த்துப் பேசும்போது வேறு எந்தக் குரலில் பேசுவான்? அந்தக் காரணம் தெரிந்ததும் குரல் பயமுறுத்தாது. சரி, பயமுறுத்தும், ஆனால் பயமுறுத்த வேண்டிய இடத்தில்.

ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் வேறு வந்து வசனம் பேசுகிறார், புல்லாங்குழலும் வாசிக்கிறார். நாலாவது பத்தியில் ஹார்ப்பும் குழலும் சேர்கிற இடம் வரும். அதுவரை மூடாமல் தாக்குப்பிடி.

டபுள்பெடல்:

அந்த ஆல்பத்தில் டிரம்மரும் புதுசு, வால்ட்டெரி வைர்யூனென். ஸ்நேரைக் கேள் தம்பி. ஒவ்வொரு அடியும் வேறு வேறு. சின்ன அடிகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. நான் மேலே அழுதது எதற்காக என்று அப்போது தெரியும்.

ஒலிப்பலகை:

பிளட் இன்கன்டேஷன் பற்றிச் சொல்கிறேன் என்றேன். டென்வர் டெத் மெட்டல் குழு. பெர்லின் ஹன்ஸா ஸ்டூடியோவில் போய்ப் பதிவு செய்தார்கள். டேவிட் போவி 'ஹீரோஸ்' பதிவு செய்த இடம். மொத்தம் இரண்டே பாட்டு, 'தி ஸ்டார்கேட்', 'தி மெசேஜ்'. ஒவ்வொன்றும் மூன்று பகுதி. பகுதி என்று சொல்ல மாட்டார்கள், "டேப்லெட்" என்பார்கள், களிமண் பலகை மாதிரி. முதல் பாட்டின் இரண்டாம் பலகையில் டாஞ்சரின் டிரீம் குழுவின் டார்ஸ்டன் க்வேஷ்னிங் வந்து சிந்தசைசர் வாசிக்கிறார்.

2022-இல் இவர்கள் கிட்டாரே இல்லாத மாதிரி ஒரு சிந்தசைசர் ஆல்பம் போட்டபோது பலர் கிண்டல் செய்தார்கள். அது பயிற்சி என்று இப்போது புரிகிறது. மேலே ஸ்லீப் டோக்கனுக்குச் சொன்ன கதவுக் குற்றச்சாட்டை இதற்கும் சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நொடி பிளாஸ்ட் பீட் (இடைவெளியே விடாத அதிவேக டிரம் அடி), அடுத்த நொடி எழுபதுகளின் விண்வெளி ராக். கதவு இருக்கிறது. ஆனால் கதவைத் தாண்டினாலும் அறையின் வாசனை மாறவில்லை. ஏன் என்றால் டிரம்ஸ் ஒரே டிரம்ஸ், ஒரே அறை எதிரொலி. மெல்லிய இடத்தில் கேட்ட அதே சிம்பல்தான் கொடூரமான இடத்திலும். என் காதுக்கு ஒட்டுப் போடுகிற பசை அதுதான். சாம்பிள் போட்டிருந்தால் இந்த ஆல்பம் இரண்டு ஆல்பமாகப் பிளந்திருக்கும்.

கறுப்புச்சட்டை:

இதை ஒத்துக்கொள்கிறேன். நடுநிசி கோபப்படக் கூடாது.

நடுநிசி:

கோபம் இல்லை. ஆனால் டெஃப்ஹெவன் பற்றி யாரும் பேசாததற்குக் கோபம். 'லோன்லி பீப்பிள் வித் பவர்', 2025 மார்ச். 2021 ஆல்பத்தில் கிட்டத்தட்ட முழுக்க மென்குரலில் பாடியவர்கள், இதில் மறுபடி அலறுகிறார்கள். ஓபெத்தும் இவர்களும் ஒரே திசையில் திரும்பியது தற்செயலா என்று தெரியவில்லை. எனக்கு இது பிடிப்பதற்குக் காரணம், மென்குரல் காலத்தில் கற்றுக்கொண்ட மெட்டை அலறலுக்குக் கீழே கிட்டாரிடம் கொடுத்துவிட்டார்கள். அலறலை எடுத்துவிட்டால் கீழே ஒரு சோகப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

ஆறாம்தந்தி:

மெகாடெத் பற்றிப் பேசாமல் எல்லாரும் நழுவுவதைக் கவனித்தேன். 2026 ஜனவரி 23-இல் வந்தது, குழுவின் பெயரையே ஆல்பத்துக்கும் வைத்திருக்கிறார்கள், இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம் ஆகவில்லைதான். ஆனாலும் கேட்கிறேன்.

கறுப்புச்சட்டை:

நழுவவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

'டிப்பிங் பாயின்ட்' நன்றாக ஆரம்பிக்கிறது. கிட்டாரில் தேமு மன்டிசாரியின் கை சுத்தம். பாடகர் மஸ்டேனுக்கு 2019-இல் தொண்டையில் புற்றுநோய் வந்து மீண்டது எல்லாருக்கும் தெரியும். குரல் ஒரு சின்ன வட்டத்துக்குள்தான் சுற்றுகிறது, அது அவர் தப்பில்லை. ரிஃப் பல இடத்தில் முன்பே கேட்ட மாதிரி இருக்கிறது, அது அவர் தப்புதான். 'ரைட் த லைட்னிங்'கை மறுபடி வாசித்திருக்கிறார். 1983-இல் அவரை வெளியே அனுப்பிய மெட்டாலிகா 1984-இல் வெளியிட்ட பாட்டு, எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயரும் உண்டு. 40 வருட மனக்கசப்பை ஒரு பாட்டில் அடக்கி வைத்த மாதிரி. அது வரும்போது நான் ஆல்பத்தை எடை போடுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் அது நல்ல வாசிப்பா? அசலைவிடக் கொஞ்சம் அவசரம். கதை தெரியாதவனுக்குச் சாதாரணமாகத்தான் கேட்கும்.

டபுள்பெடல்:

கதையைப் பிரித்துக் கேட்கவே முடியாது என்று நினைக்கிறேன் அண்ணா. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க்கில் பிளாக் சப்பாத் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினாரே. பில் வார்டும் டிரம்ஸில் இருந்தார். பிளாக் சப்பாத் நாலே பாட்டு. 17 நாளில் ஆஸி இறந்துபோனார். அந்த வாசிப்பில் எத்தனை அடி தவறியது என்று எனக்குத் தெரியும், எண்ணினேன், பழக்கதோஷம். அடுத்த தடவை பார்த்தபோது எண்ணவில்லை.

ஆறாம்தந்தி:

நேரலை வேறு, ஆல்பம் வேறு. நேரலையில் நாம் போய்ப் பார்க்கிறோம். ஆல்பம் நம்மிடம் வருகிறது, திரும்பத் திரும்ப வருகிறது, கதை மூன்றாம் தடவைக்குள் தீர்ந்துவிடும். ஃபாக்னரின் மகாதமனியைப் பற்றி மேலே எழுதினேன் இல்லையா? எழுதும்போதே உறுத்தியது. அந்த விவரம் இல்லாமல் அந்த லீட் நிற்குமா என்று நேற்று மறுபடி போட்டுப் பார்த்தேன். நிற்கிறது. நிற்காவிட்டால் பதிவைத் திருத்தியிருப்பேன்.

கறுப்புச்சட்டை:

மெகாடெத்துக்கு ஜூலையில் வந்து பதில் சொல்கிறேன்.

புதுக்காது:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். ஓபெத் கேட்டேன். முதல் பாட்டிலேயே க்ரௌல் வந்துவிட்டது, மூடினேன். அக்கா சொன்னது ஞாபகம் வந்து மறுபடி திறந்தேன். விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனில், பாட்டு வரிகளைப் பார்க்காமல், டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். நாலாவது பத்திக் குழல் வரைக்கும் வந்துவிட்டேன். அதற்கு அப்புறம் குரல் எப்போது திரும்பி வந்தது என்றே கவனிக்கவில்லை. கவனிக்கவில்லை என்பதைத்தான் கவனித்தேன்.

டபுள்பெடல் அண்ணா, அந்தச் சின்ன அடிகள் கேட்டன. இப்போது நான் முன்பு கேட்ட பாட்டுகளில் எல்லாம் அதைத் தேடுகிறேன், பாதியில் இல்லை. கெடுத்துவிட்டீர்கள்.

கொரோனரும் போட்டேன். கழுத்து நின்றது.

கறுப்புச்சட்டை:

எந்த இடத்தில் நின்றது? நேரத்தைச் சொல். சும்மா விட மாட்டேன்.

நடுநிசிக்கு: 'எமர்ஜென்ஸ்' மூன்று தடவை கேட்டேன். பிடிக்கவில்லை. இடம் சொல்ல வேண்டும் என்பது விதி, அதனால் சொல்கிறேன்: கிட்டார் அடங்கி சாக்ஸஃபோன் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி நன்றாக இருக்கிறது. அதில் யாரும் எதையும் வாசிக்கவில்லை.

நடுநிசி:

இதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

டபுள்பெடல்:

டெஸ்டமென்ட்டின் 'பாரா பெல்லம்' பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. புது டிரம்மர் கிறிஸ் டோவஸ், சின்ன வயது, முதல் பாட்டிலேயே பிளாஸ்ட் பீட். எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. ஆனால் வந்தது 2025 அக்டோபர் 10. எனக்கு யாரும் சலுகை தர மாட்டீர்கள். ஏப்ரல் 10 அன்று வருகிறேன்.